கொத்தமல்லி யாருக்கு?

2020 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்குள் காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்கும் கொத்தமல்லி, மரமஞ்சள் கலந்த பாக்கெட் முப்பத்திரண்டு விற்றுவிட்டேன். மற்ற நாட்களில் நாலைந்து போனாலே பெரிது. கூடவே ஆளுக்கொரு பனடோல் (பரசிட்டமோல்) கார்ட். வாங்க வந்த ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. வீட்டிலும் யாருக்கும் இல்லை. "சும்மா, வீட்டில வச்சிருக்கத்தான்" என்று எல்லோரும் பேசிவைத்த மாதிரி சொன்னார்கள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பாமசியில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். டொக்டரின் துண்டைப் பார்த்து மருந்து சரியா என்று கவனிக்க மருந்தாளர் இருக்கிறார். எடுத்துக் கொடுப்பது, காசு வாங்குவது, ஆட்களின் கதை கேட்பது என் வேலை. சம்பளம் முதல் இரண்டுக்கும்தான். ஆனால் அந்தக் கொவிட் காலத்து இரண்டு வருடங்களில் எனக்குப் பாடம் கிடைத்தது மூன்றாவதில்.

இலங்கையில் முதல் கொவிட் நோயாளி 2020 ஜனவரி 27 அன்று உறுதியானார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி, ஒரு பெண். அங்கொடை ஐடிஎச் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துச் சுகமாக்கி அனுப்பினார்கள். அந்த ஒருவருக்காக எங்கள் பாமசி வாசலில் வரிசை நின்றது. முகக்கவசத்துக்கு 15 ரூபாய் என்று உச்சவிலை போட்டார்கள். மொத்த வியாபாரி எங்களிடம் கேட்ட விலையே அதற்கு மேல். அப்புறம் என்ன, முகக்கவசம் மாயமாகிவிட்டது. அடுத்த வருடம் மே மாதம், தெருவுக்குத் தெரு ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அதே வாடிக்கையாளர்கள் கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு என்னோடு கதைத்தார்கள். பயம் என்பது புதிதாக வரும்போதுதான் பயம், பழகினால் வீட்டுப் பூனை மாதிரி ஆகிவிடும் போல. (ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2019 ஏப்ரல் கடைசியில், முகத்தை மூடக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு இது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் மூடாவிட்டால் பிடிப்போம் என்றார்கள். முதல் சட்டத்தால் பாமசிக்கு வருவதையே குறைத்துக்கொண்ட ஒரு உம்மா, இரண்டாவது வந்தபோது என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தார்.)

கொத்தமல்லிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்திய மாதம்தான் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் ஒரு கொத்தணி (ஒரே இடத்திலிருந்து பரவிய தொற்று), அப்புறம் பேலியகொடை மீன் சந்தையில் ஒன்று. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று வட கொழும்பை ஒவ்வொரு பொலிஸ் பிரிவாகப் பூட்டினார்கள். பாமசி திறக்க விட்டார்கள். பிசிஆர் பொசிட்டிவ் என்றால் வீட்டில் இருக்க முடியாது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். தொடர்மாடியின் அத்தனை பல்கனியும் எட்டிப் பார்க்கும், பாதிப் பேர் போனைத் தூக்கிப் படமும் எடுப்பார்கள்.

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமை அண்ணன் எங்கள் பழைய வாடிக்கையாளர். (இங்கே நாட்டாமை என்றால் சொம்பு வைத்துத் தீர்ப்புச் சொல்பவரில்லை, சுமை தூக்குபவர்.) அவர் பனடோல் கேட்டு நின்றபோது கண் சிவந்திருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவராகவே தணிந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, காய்ச்சல் மூணு நாள்ல போயிரும். பஸ்ஸுல ஏத்தினா பதினாலு நாள். திரும்பி வந்தாலும் ஒருத்தன் வேலை குடுக்க மாட்டான். வீட்டில அஞ்சு வாய்."

இந்த நோய் எப்படித் தொற்றும், யாருக்கு ஆபத்து கூட, எத்தனை நாள் ஒதுங்கி இருக்க வேண்டும் என்றெல்லாம் அவரிடம் கேட்டிருந்தால் பிழையில்லாமல் சொல்லியிருப்பார். டிவியில் நாள் முழுக்க அதைத்தானே சொன்னார்கள். அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்து, கணக்கும் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அரசு கொடுத்த 5,000 ரூபாய் அந்தக் கணக்கில் எந்த மூலைக்கு?

அன்றிலிருந்து "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பதை விட்டேன். அதற்கு வரும் பதில் "இல்லை" என்பது மட்டும்தான். அதற்குப் பதிலாக, "கொத்தமல்லி யாருக்கு, பெரியவங்களுக்கா பிள்ளைக்கா?" என்று கேட்டேன். பிள்ளைக்கு என்றால் நிறை என்ன என்று கேட்பேன். பிள்ளைகளுக்குப் பனடோல் நிறையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அது பொய்க் கேள்வியும் இல்லை. நிறையைச் சொல்லத் தொடங்கினால் எத்தனையாவது நாள், இருமல் உண்டா, வீட்டில் வயதானவர்கள் யார் என்பதெல்லாம் தானாக வரும். இன்னொன்றும் செய்தேன்: மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும்போது கேட்பதில்லை. துண்டை வாங்கிக்கொண்டு உள்பக்கம் போவதுபோல் கவுண்டரின் ஓரத்துக்கு நகர்வேன், ஆளும் பின்னாலேயே நகர்வார். கேட்க வேண்டியதை அங்கே கேட்டுக்கொள்வேன்.

இப்படிக் கேட்டதால்தான் ஒரு பையன் பிழைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு தாய் வந்து உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக் கேட்டார். தனக்கு என்றார். நோகிறது எங்கே என்றால் ஒரு தரம் முதுகு என்கிறார், மறு தரம் கால் என்கிறார். கவுண்டர் ஓரத்தில் உண்மை வந்தது: மகனுக்குப் பதினேழு வயது, காய்ச்சல் மூன்றாம் நாள், கண்ணுக்குப் பின்னால் வலி. டொக்டரிடம் கொண்டுபோனால் பிசிஆர் எடுப்பார்கள், எடுத்தால் முழு மாடியையும் பூட்டுவார்கள், மாடி முழுக்கத் தன்னை ஏசும். நான் மாத்திரையைக் கொடுக்கவில்லை. கொவிட்டை விடு, இது டெங்கு மாதிரி இருக்கிறது, ரத்தம் சோதி என்றேன். டெங்கு என்ற சொல்லைக் கேட்டதும் அந்த மனிஷியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. "டெங்குதானா?" என்றார். சோதனையில் தட்டணுக்கள் நன்றாக இறங்கியிருந்தன, அன்றிரவே பையனை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள்.

டெங்குதானாவாம். 2017-இல் இந்த நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, செத்தவர்கள் 440 பேர். அந்த வருடம் எங்கள் தெருவில் இலைச் சாற்றுக்காகப் பப்பாசி மரங்கள் மொட்டையானதுதான் மிச்சம். ஒரு கடையும் பூட்டவில்லை, ஒருவரும் ஒருவரைக் கண்டு ஒதுங்கவில்லை. தெரிந்த எமன், அவ்வளவுதான். கொழும்பில் இருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்: காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் ரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் "சுகம்" என்று எழும்பிவிடவும் கூடாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் சூடு இறங்கும்போதுதான் தொடங்கும்.

மீன் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேலியகொடைக்குப் பிறகு ஆட்கள் பாமசிக்கு வந்து "மீன் தின்னலாமா?" என்று கேட்டார்கள். சந்தையில் நெருங்கி நின்ற ஆட்களிடமிருந்து ஆட்களுக்குத்தான் தொற்றியது, பாரை மீனிடமிருந்து இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி பத்திரிகையாளர்கள் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அதைப் பார்த்து மீன் வாங்கிய ஒருவரையும் நான் காணவில்லை, சிரித்தவர்களைத்தான் கண்டேன். மீனை விலக்கியவர்கள் கொஞ்ச நாளில் மீனுக்குத் திரும்பினார்கள். கொழும்பு 15 (மட்டக்குளி, முகத்துவாரம்) என்று முகவரி உள்ள பெண்களை வீட்டு வேலைக்கு வர வேண்டாம் என்றவர்கள் அவ்வளவு லேசில் திரும்பவில்லை. டிசம்பரில் கொவிட்டைத் தடுக்கும் என்று கேகாலைப் பாணி வந்தது. தேனும் சாதிக்காயும் கலந்த மருந்துக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதை எல்லோரும் பார்க்கக் குடித்த சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சிக்கு ஜனவரியில் தொற்று உறுதியானது. எங்களிடம் சாதிக்காய் கேட்டு வந்தவர்களை நான் கேலி செய்யவில்லை. அமைச்சரே குடிக்கும்போது நாட்டாமை அண்ணன் குடித்தால் என்ன குறை?

கேலிக்கு இடமே இல்லாத ஒரு பயமும் இருந்தது. பழைய சோனகத் தெருப் பக்கமிருந்து ஒரு நானா மாதா மாதம் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பார். அந்த டிசம்பரில் ஒரு மாலை, கடை பூட்டும் நேரம் வந்து, வீட்டில் ஒக்சிஜன் சிலிண்டர் வைக்க என்ன செலவாகும் என்று கேட்டார். மனைவிக்கு மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் நானா, 1990-க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும் என்றேன். அவர் கையிலிருந்த குடையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "ஆஸ்பத்திரிக்குப் பயமில்ல மகள். அங்கயிருந்து எங்க கொண்டுபோவாங்க எண்டுதான் பயம்."

கொவிட்டில் இறந்தால் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டிருந்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில்தான் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை எரித்தார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் ஆட்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். அப்படியான மாதத்தில், சந்தேகமிருந்தால் உடனே சோதனை செய்யுங்கள் என்று நான் நானாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? ஆனாலும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மனைவியைக் கொண்டுபோகவில்லை. அந்த மனிஷி தப்பிவிட்டார், எப்படித் தப்பினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் புதைக்கத் தொடங்கினார்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு மாவட்டம் வரைக்கும் ஜனாஸா போக வேண்டும். அதற்குள் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் மூச்சிழுப்பை மறைத்தார்களோ.

இவ்வளவையும் பார்த்தவள் நான். இனி என் வீட்டுக் கதை.

2021 சித்திரைப் புத்தாண்டு. கடையில் நான் இரண்டு கவசம் போடுவேன். வீட்டுக்கு வந்தால் நேராகக் குளியலறை, உடுப்பு வாளியில், சில்லறைக் காசு சவர்க்காரத் தண்ணீரில். வத்தளையிலிருந்து மச்சாள் குடும்பம் வந்தது. மழை என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, எட்டுப் பேர் ஒரு அறையில் மூன்று மணி நேரம் இருந்து சாப்பிட்டோம், சிரித்தோம். கவசம் எங்கே கிடந்தது என்று கூடத் தெரியாது. முன்பின் தெரியாதவன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருமினால் நடுங்குகிற எனக்கு, மச்சாளின் தும்மலைக் கேட்டதும் இஞ்சித் தேத்தண்ணி போடத்தான் தோன்றியது.

ஐந்தாம் நாள் எனக்கு உடம்பு சூடு. இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆம், போனேன். முதலாளி கேட்டபோது பீனிசம் என்றேன். எனக்குப் பொசிட்டிவ் வந்தால் கடை பூட்டும், மற்ற இரண்டு பொடியன்களுக்கும் நாட்கூலி போகும், பாமசிக்காரிக்கே வந்துவிட்டது என்று தெரு பேசும். இந்தக் கணக்கு என் தலையில் ஓடி முடிய ஒரு நிமிடம் எடுக்கவில்லை. நாட்டாமை அண்ணனாவது இரண்டு நாள் யோசித்திருப்பார். மத்தியானம் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த அரை நாளில் கவசத்தைக் கழற்றவில்லை, யாருக்கும் தொற்றவும் இல்லை. அது என் கெட்டித்தனமில்லை, அதிர்ஷ்டம். மச்சாள் தனக்கு மணம் போனதை மூன்று நாள் கழித்துத்தான் போனில் சொன்னாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முதல் கிழமை லேசான இருமல், அவ்வளவுதான். எட்டாம் நாள் காலை குசினியில் வாங்கில் இருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "கத்தரிக்காய்க் கறி வைக்கட்டா, பால் சொதி வைக்கட்டா?" என்று கேட்டார். மூச்சு வாங்கவில்லை, பேச்சில் தடங்கலில்லை. வழக்கம்போல ஒக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 88. கருவி பழுது என்று என் விரலில் போட்டேன், 97. வெங்காய ஈரம் என்று கையைத் துடைத்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினேன். 87. அம்மா இன்னமும் கறியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். 1990-க்கு அடித்தேன். பதினொரு நாள் ஒக்சிஜனில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மூச்சுத் திணறாமலே ஒக்சிஜன் இறங்கும் என்று நான் வாசித்திருந்தேன், வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் கண் முன்னால் கறி கேட்கிற ஆளை நம்புவதா, நம்பரை நம்புவதா என்று வந்தபோது கை கருவியைத்தான் சந்தேகப்பட்டது. ஆகவே ஒக்சிமீட்டர் வாங்க வருகிறவர்களுக்கு அதற்குப் பிறகு நான் நின்று நிதானமாகச் சொல்வது: நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது, ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மாட்டுங்கள். மாட்டியதும் தெரியும் முதல் நம்பரைப் பார்க்காதீர்கள், ஒரு நிமிடம் விட்டால் ஒரு இடத்தில் நிற்கும். ஒரு நாளைக்குக் காலை, மாலை எழுதி வையுங்கள். 94-க்குக் கீழே நின்றால் டொக்டரிடம் கேளுங்கள், 90-க்குக் கீழே என்றால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கொண்டு போங்கள். எங்களைப்போலக் கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், அதனால் விளிம்பில் நிற்கிற நம்பரைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிழமை தப்பியாயிற்று என்று கருவியை உள்ளே வைத்துவிடாதீர்கள், இந்த நோய் சரிவது இரண்டாவது கிழமையில்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் காற்றைப் பற்றி ஒழுங்காக வாசித்தேன். சாமான்களைத் தொட்டுத் தொற்றுவது பத்தாயிரத்துக்கு ஒன்றிலும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஏப்ரலில்தான் எழுதியது. காற்றோட்டமில்லாத அறையில் காற்று வழியே பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொன்னதும் அதே மாதக் கடைசியில்தான். நான் ஒரு வருடமாகச் சில்லறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் பாமசியோ கண்ணாடிக் கதவைச் சாத்தி ஏசி போட்ட பெட்டி. கதவைத் திறப்போம் என்றால் முதலாளி மருந்து பழுதாகும் என்கிறார், அதுவும் உண்மை. பல மருந்துகளை 30 பாகைக்குக் கீழேதான் வைக்க வேண்டும். கடைசியில் கவுண்டரை வாசலுக்கு இழுத்தோம். மருந்து ஏசியில், ஆட்கள் நடைபாதையில், நடுவில் நான். வெயிலில் நிற்க வைக்கிறோம் என்று ஏச்சு வாங்கினோம். கவுண்டரில் மறைப்பாகத் தொங்கிய பிளாஸ்டிக் தாளைக் கழற்றியபோதும் வாங்கினோம். தாள் தொங்கினால்தான் ஆட்களுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம்.

ஊசி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கைராசி இருந்தது. மே மாதம் ஒரு அன்ரி போனை நீட்டினார்: ஊசி போட்டவர்கள் இரண்டு வருடத்தில் சாவார்கள் என்று நோபல் பரிசு வாங்கியவர் சொன்னதாக வட்ஸ்அப் செய்தி. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அஸ்ட்ராசெனெகா ஊசியில் ரத்தக்கட்டி வந்தது ஏப்ரல் தொடக்கத்துப் பிரித்தானியக் கணக்கில் பத்து லட்சத்துக்கு நான்கு பேருக்கு என்று நான் விளக்க, அன்ரி, "அந்த நாலு பேர்ல நான் ஒருத்தி இல்லைண்டு யார் சொன்னது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதனால் நம்பரை விட்டேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன்: கை இரண்டு நாள் தூக்க முடியாது, இரவில் குளிர் காய்ச்சல் வரும், பனடோல் போதும், மூன்றாம் நாள் சரி. பயமுறுத்துகிறேன் என்று முதலாளி முறைத்தார். ஆனால் அன்ரி போய்ப் போட்டுக்கொண்டார். மறுநாள் போன் எடுத்து, காய்ச்சல் வந்துவிட்டது, நீ சொன்ன மாதிரியே என்று ஏதோ லொத்தர் விழுந்ததுபோல் சொன்னார். ஒன்றும் செய்யாது என்று அனுப்பியிருந்தால் அந்தக் காய்ச்சலோடு தெருவுக்கே செய்தி போயிருக்கும், இரண்டாவது ஊசிக்கும் வந்திருக்க மாட்டார்.

அம்மா இப்போது நலம். ஒக்சிமீட்டர் அலுமாரியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் விரலைக் கேட்கிறார், மச்சாளிடம் இரண்டு விரலையும். பற்றரி தீர்ந்துவிட்டதாம், கடையிலிருந்து கொண்டுவரச் சொல்லி மூன்று நாளாக ஒரே கரைச்சல்.